மாற்றாள் கழிவு

மனிதகுலம் தோன்றிய நாள் முதல் ஒரு மாபெரும் தவற்றை விடாமல் செய்துவந்திருக்கிறது. கண்ணெதிரே ஒருவர் துன்பப்பட்டால், யோசிக்காமல் போய் உதவிவிடுவது. இதைத் திருத்த இதுவரை எந்த அரசும் சட்டம் போடவில்லை. எந்த ஞானியும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்தப் பொறுப்பு, மெத்தைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், லிஃப்ட் ஓடாத ஒரு கட்டடத்தில் இயங்கும் எங்கள் "பெருநன்மைத் தொழில் வழிகாட்டு மையத்தின்" தலையில் வந்து விழுந்தது. அந்த மையத்தில் நான் தகுதிகாண் பருவ ஊழியனாக இருந்தேன் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மையத்தின் நோக்கம் எளிமையானது. நாலு பேருக்கு நல்லது செய்ய வேண்டும் என்று துடிப்பவர்கள் எங்களிடம் வருவார்கள். எந்தத் தொழிலுக்குப் போனால் அதிகபட்ச நன்மை விளையும் என்று நாங்கள் கணித்துச் சொல்வோம். அதற்கு முன், அவர்கள் இப்போது பார்க்கும் வேலையால் யாருக்கும் ஒரு நன்மையும் இல்லை என்று நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டாவது கலையில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது.

மையத்தில் மொத்தம் நான்கு பேர். முதலில் இயக்குநர். உயரமானவர், மெதுவாகப் பேசுவார். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அது எங்கே போய் முடிகிறது என்று நம்மோடு சேர்ந்து அவரும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அடுத்தவர் துணை இயக்குநர். அவரை எல்லோரும் "வரைபடம்" என்றுதான் கூப்பிடுவோம். எதைச் சொன்னாலும் கோடு போட்டுக் காட்டிவிடுவார். ஒருமுறை டீ ஏன் ஆறிப்போனது என்பதற்கே போட்டார். மூன்றாவது, டைப்பிஸ்ட் அம்மா. உலகத்துக்கு எது நல்லது என்று பதினொரு வருடமாக டைப் அடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. நான்காவது நான்.

எங்கள் ஆராய்ச்சியின் உச்சம் "மாற்றாள் கழிவு". அதாவது, ஒருவர் செய்த நன்மையிலிருந்து, அவர் இல்லாவிட்டால் வேறு ஆள் செய்திருக்கக்கூடியதைக் கழித்துவிடுவது. கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். பேருந்து நிலையத்தில் ஒரு பெரியவர் தடுக்கி விழுகிறார். ஒருவர் ஓடிப்போய்த் தூக்குகிறார். பாமரர்கள் இதை நன்மை என்பார்கள். நாங்கள் கேட்போம்: இவர் தூக்காவிட்டால் பின்னால் வந்த நான்கு பேரில் ஒருவர் தூக்கியிருக்க மாட்டாரா? தூக்கியிருப்பார். ஆகவே இவரால் விளைந்த நன்மை பூஜ்யம். அதோடு அந்த நான்கு பேரின் வாய்ப்பையும் பறித்துவிட்டதால், நுணுக்கமாகப் பார்த்தால், மைனஸ் நான்கு.

இந்தச் சூத்திரத்தின் முன்னால் எத்தனையோ தொழில்கள் மண்டியிட்டன. முதல் வகுப்பு ஆசிரியை ஒருவர் வந்தார். பூஜ்யம். சாக்கடை அடைப்பு எடுப்பவர் ஒருவர் வந்தார். பூஜ்யம். "நான் ஒரு நாள் வரலேன்னா தெருவே நாறிடும் சார்" என்று வாதாடினார். "மறுநாள் வேற ஆள் வருவாரில்ல?" என்று கேட்டோம். "வருவாரு" என்று ஒப்புக்கொண்டார். நேர்மையான மனிதர். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கிப் போனார்.

அதே வாரம் ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். நடந்த கூட்டத்தின் குறிப்புகள் கிடைத்தனவா என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்ததா என்று நினைவூட்டும் பிரிவில் அவர் இருபது வருடமாக வேலை பார்த்தார்.

"நீங்க வேலையை விட்டா உங்க இடத்துக்கு யாராவது வருவாங்களா?" என்று கேட்டேன்.

"யாரு சார் வருவா? அப்படி ஒரு பிரிவு இருக்கறதே எங்க ஆபீஸ்ல பாதிப் பேருக்குத் தெரியாது."

"அப்ப உங்களுக்குக் கழிவே இல்ல. முழு மதிப்பெண். இதே வேலையில இருங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. "இருபது வருஷத்துல என் வேலையைப் பத்தி ஒருத்தர்கூட நல்லதா ஒரு வார்த்தை சொன்னதில்ல சார். என் சம்சாரமே சொன்னதில்ல" என்றார்.

இயக்குநரின் வேலைக்கும் கழிவு கிடையாது. அவர் செய்வதை வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்பதில் மையத்தில் கருத்து வேறுபாடே எழுந்ததில்லை.

இப்படிப்பட்ட நிறுவனத்தில் நிரந்தரமாவது லேசான காரியமா? மையத்துக்கு ஒரு விதி உண்டு. ஆறு மாதத் தகுதிகாண் பருவம் முடிவதற்குள், ஒவ்வொரு ஊழியரும் தம் சொந்தக் குடும்பத்தில் ஒருவரையாவது பயனற்ற வேலையிலிருந்து மீட்க வேண்டும். இதற்குப் பெயர் "குடும்பத் திசைமாற்றம்". ஊருக்கு உபதேசம் செய்யும் முன் வீட்டில் செய்து காட்ட வேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை. கால்நடை மருத்துவராக இருந்த தம் மகனை அவர் மீட்டார். வரைபடம், பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த தம் மனைவியை மீட்டார். மீட்கப்பட்டவர்களின் புகைப்படங்கள் இயக்குநர் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மீட்பு எவ்வளவு ஆழமாக நடந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று.

எனக்கு இருந்த சொந்தம் ஒன்றே ஒன்று. என் அக்கா. அம்மா போனதிலிருந்து நாங்கள் இரண்டு பேர்தான். வீடு என்றால் ஒன்றரை அறை. அக்கா அரசு மருத்துவமனையில் தீக்காய வார்டில் நர்ஸ். காலையிலிருந்து சாயங்காலம் வரை கட்டு மாற்றுவதுதான் வேலை. பழைய கட்டை எடுப்பது, புண்ணைக் கழுவுவது, புதுக் கட்டுப் போடுவது. அந்தப் பணியிடமே அதற்காக உள்ளதுதான்.

நான் பேச்சை எடுத்தபோது அக்கா வெந்நீர் வாளியில் கால்களை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் பேசணும்."

"காசா, கல்யாணமா?"

"ரெண்டும் இல்ல. நன்மை."

"அப்ப இன்னும் கொஞ்சம் சுடுதண்ணி ஊத்திட்டுப் பேசு. நேரமாகும்போல இருக்கு."

ஊற்றினேன். பேசினேன். பேருந்து நிலையம், பெரியவர், பின்னால் வந்த நான்கு பேர் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே ஒரு காலை எடுத்துத் துடைத்தாள்.

"நீ வேலையை விட்டா அந்த வேலையை வேற யாராவது செய்வாங்கதானே?"

"செய்வாங்க."

"அப்ப உன்னால என்ன நன்மை?"

"ஒண்ணும் இல்லடா. யாரு பிடுங்கினாலும் கட்டு வந்துரும். கூடவே கொஞ்சம் தோலும் வரும், அவ்வளவுதான்."

"தோல் எங்க படிவத்துல வராதுக்கா."

"வராது. கட்டுலதான் வரும்." அடுத்த காலையும் துடைத்தாள். "சுத்தி வளைக்காம சொல்லு. உனக்கு என்ன வேணும்?"

"மாசக் கடைசிக்குள்ள சொந்தக்காரங்க ஒருத்தரைத் திசைமாத்தணும். இல்லேன்னா என்னை நிரந்தரம் பண்ணமாட்டாங்க."

"நமக்குச் சொந்தக்காரங்க யாரு இருக்கா?"

"நீதான்."

"உனக்கு இது எத்தனாவது வேலை?"

"ஆறாவது."

"இதுலயாவது உக்கார நாற்காலி குடுத்திருக்காங்களா?"

"சுத்துற நாற்காலி."

"ம்" என்றாள் அக்கா. அவளுடைய வேலையில் நாற்காலி கிடையாது. வாளித் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "இப்படிப் பண்ணலாம். மூணு வருஷமா நான் லீவே போடல. ஒரு வாரம் போடறேன். நீ வந்து வார்டுல உக்காந்து பாரு. நான் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னா, அப்படியே எழுது. நான் வேலையை விட்டுடறேன். இல்ல, வித்தியாசம் இருக்குன்னா அதையும் எழுது. அதுக்கப்புறம் இந்தப் பேச்சை எங்கிட்ட எடுக்கக்கூடாது."

"சரிக்கா."

"பாக்கறது நீயா இருக்கணும். உங்க ஆபீஸ்லேந்து வேற எவனாவது வந்தா நான் ஒத்துக்கமாட்டேன்."

மறுநாள் இதைச் சொன்னதும் இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். ஒரு ஊழியரின் உடன்பிறந்தவரே தம்மைச் சோதனைக்கு ஒப்புக்கொடுப்பது மையத்தின் வரலாற்றில் முதல் முறை. மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் பேசினோம். அவர் எங்களைவிட உற்சாகமாக இருந்தார். எந்தப் பணியிடத்தை நீக்கலாம் என்று அவர் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்தார். மையத்திலிருந்து "தேவையின்மைச் சான்று" ஒன்று வந்துவிட்டால், கட்டு மாற்றும் நர்ஸ் என்ற பணியிடத்தையே அன்றைக்கே எடுத்துவிடுவதாக உறுதியளித்தார்.

ஒப்பிடுவதற்காக, அக்கா விடுப்பில் போகும் முன் இரண்டு நாள் அவள் வேலை செய்வதையும் பார்த்தேன். ஒரு மரப்பெஞ்சு கொடுத்தார்கள். படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வார்டு முழுவதும் மருந்தும் வேறு ஏதோவும் கலந்த வாசனை. அந்த வேறு ஏதோவுக்குப் படிவத்தில் கட்டம் இல்லாததால் அதை ஆராயவில்லை.

நான்காம் படுக்கையில் ஒரு வெல்டர். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. அக்கா கட்டின் மேல் உப்பு நீரை ஊற்றி, ஊறட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஓரத்திலிருந்து நகக்கண் அகலத்துக்கு உரித்தாள்.

"நேத்து அந்த இரும்புக் கேட்டை எந்த இடத்துல விட்டோம்?" என்று கேட்டாள்.

"அளவு எடுத்தாச்சும்மா. இப்ப பைப்பை வெட்டணும். வெட்டி, மூலைக்கு... மூலைக்கு..."

அவர் பேச்சுத் தடுமாறிய இடத்தில் அக்காவின் கை நின்றது. இன்னும் கொஞ்சம் உப்பு நீர் விட்டாள். "மூலைக்கு?" என்றாள்.

"மூலைக்கு மூலை சதுரம் பாக்கணும். இல்லேன்னா கேட்டு ஒரு பக்கமா தொங்கும்."

கை மறுபடி நகர்ந்தது. இப்படியே இருபது நிமிடம். வெல்டர் நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது, ஆனால் கட்டு கழன்றுவிட்டதை அவர் கவனிக்கவே இல்லை.

"கீல் வைக்கறதை நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கே எல்லாத்தையும் சொல்லிட்டா எனக்கு நாளைக்கு வேலை இருக்காது" என்றாள் அக்கா.

நான் எழுதினேன்: கட்டு, ஒன்று. நேரம், இருபது நிமிடம். உரையாடல், பணிக்குத் தொடர்பற்றது. அன்றைய மொத்தம், இருபத்திரண்டு கட்டுகள்.

திங்கட்கிழமை சோதனை தொடங்கியது. அக்கா வீட்டில் தூங்கினாள். வார்டுக்கு மாற்று நர்ஸ் வந்தார். கண்காணிப்பாளர் அவருக்குக் கட்டுக்கு ஆறு நிமிடம் ஒதுக்கியிருந்தார். இன்னும் இரண்டு வார்டுகள் அவருக்காகக் காத்திருந்தன.

"நானும் மனுஷிதான் சார்" என்றார் என் படிவத்தைப் பார்த்துவிட்டு. "எனக்கும் இரக்கம் இருக்கு. ஆறு நிமிஷத்துக்கு மேல இல்ல."

நான்காம் படுக்கைக்கு வந்தார். வெல்டர் நிமிர்ந்து பார்த்தார். "அந்தம்மா வரலியா?"

"லீவு."

"கேட்டு பாதியில நிக்குது."

"எந்த கேட்டு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர்."

ஆறு நிமிடம். கட்டு, ஒன்று. பக்கத்து வார்டிலிருந்து இரண்டு பேர் என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வராந்தாவுக்குப் போய் வரைபடத்துக்கு போன் செய்தேன்.

"சார், கத்தறாங்க. எல்லாரும். எங்க குறிக்கறது?"

"எவ்வளவு கத்தறாங்க? அளந்தீங்களா?"

"எப்படி சார் அளக்கறது?"

"அளக்க முடியாததைக் குறிக்கக்கூடாது தம்பி. அதுக்குப் பேரு உணர்ச்சி. நமக்கு வேணாம்."

"கடைசியில குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே சார்?"

"அதுல எழுதிக்கலாம். பன்னிரண்டு எழுத்துக்கு மேல போகக்கூடாது. வரைபடத்துல இடம் இல்ல."

எழுதினேன்: "கத்துகிறார்." அதற்கப்புறமும் ஆறு எழுத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. அதில் என்ன எழுதலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மதியத்துக்கு மேல் இன்னொரு சிக்கல். காலையில் கட்டு மாற்றிய இருபத்திரண்டு பேரில் ஒன்பது பேருக்கு ரத்தம் கசிந்தது. அவர்களுக்கு மறுபடி கட்டுப் போட வேண்டியிருந்தது. இதை எப்படிக் கணக்கில் எடுப்பது? மறுபடி வராந்தா, மறுபடி போன்.

"அதே ஆளுங்கதான் சார் ரெண்டாவது தடவை."

"நீங்க ஏன் ஆளைப் பாக்கறீங்க? கட்டை எண்ணுங்க."

எண்ணினேன். முப்பத்தொன்று. செவ்வாயும் முப்பத்தொன்று. புதன், முப்பத்திரண்டு.

வீட்டுக்குப் போனால் அக்கா கேட்பாள். "எப்படிடா போகுது? வெல்டருக்குக் கை எப்படி இருக்கு?"

"சோதனை முடியற வரைக்கும் உங்கிட்ட எதுவும் சொல்லக்கூடாதுக்கா. முடிவு பாதிக்கும்."

"அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவாள். மூன்று வருடப் பாக்கித் தூக்கத்தைத் தூங்கியதில் முகம் தெளிந்திருந்தது. என்னை அவள் நம்பினாள். ஆராய்ச்சிக்கு இவ்வளவு ஒத்துழைப்புக் கொடுத்த ஒருவரை நான் கண்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை வெல்டர் படுக்கையை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடினார். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் ஏந்திக்கொண்டிருந்தார்.

"எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு."

"புண்ணு ஆறலியே."

"என் பொண்ணு தினமும் கதவுக்கு வெளிய நிக்குது தம்பி. நான் கத்தறதைக் கேட்டுட்டு நிக்குது. நேத்து காதைப் பொத்திட்டு உக்காந்திருந்துச்சாம்." செருப்பை மாட்டினார். "கத்தாம இருக்க முடியல. அதான் போறேன்."

மாற்று நர்ஸ் தடுத்துப் பார்த்தார். வெல்டர் தம் சொந்தப் பொறுப்பில் போவதாக இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். படிவத்தில் "குறித்த நாளுக்கு முன் வீடு திரும்பியவர்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ஒன்று போட்டேன். அந்தக் கட்டம் நன்மைப் பக்கத்தில் இருந்தது.

சனிக்கிழமை மையத்தில் முடிவு அறிவிக்கும் கூட்டம். வரைபடம் கோடு போட்ட தாளைச் சுவரில் மாட்டினார். இருபத்திரண்டில் படுத்திருந்த கோடு, அக்கா விடுப்பில் போன நாளிலிருந்து எழுந்து நின்றது. பார்க்கவே கம்பீரமாக இருந்தது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "இதிலிருந்து என்ன தெரிகிறது?" என்று தொடங்கி, எல்லோரையும் போல அவரும் காத்திருந்தார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். "இவருடைய சகோதரி ஒவ்வொரு நாளும் ஒன்பது கட்டுகளைத் தடுத்துவந்திருக்கிறார். தெரியாமல்தான். ஆனால் தடுத்திருக்கிறார். மாற்றாள் கழிவு போக அவருக்குக் கிடைப்பது மைனஸ் ஒன்பது."

"சார்" என்றேன். "அந்த ஒன்பதும் புது ஆளுங்க இல்ல. காலையில ரத்தம் வந்தவங்கதான் மறுபடியும்."

இயக்குநர் யோசித்தார்.

"அதாவது, ஒரே நாளில் ஒரே ஆளுக்கு இரண்டு தடவை நன்மை நடந்திருக்கு."

"அப்படி இல்ல சார்..."

"உங்க அக்காவால யாருக்காவது ஒரே நாள்ல ரெண்டு தடவை கட்டுப் போட முடிஞ்சுதா?"

"இல்ல சார்."

"ஏன்?"

"தேவைப்படல சார்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் இயக்குநர். வரைபடம் ஒரு சின்னக் கோட்டை அடிக்கோடிட்டார்.

டைப்பிஸ்ட் அம்மா தேவையின்மைச் சான்றைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்தார். மேற்படி பணியிடத்தால் நோயாளிகளுக்கு நன்மை ஏதும் இல்லை என்றும், அதை நீக்குவதால் எவருக்கும் பாதிப்பு நேராது என்று நேரில் கண்டறியப்பட்டது என்றும் அதில் இருந்தது. கீழே "மையத்தின் அலுவலர் எவரேனும் ஒருவர்" என்று ஒரு கோடு.

"யாராவது ஒருத்தர் போட்டா போதும்" என்றார் இயக்குநர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வரைபடம் தாளை எடுத்தார். ஒருமுறை படித்தார். பேனாவைத் திறந்தார். மூடினார். "நான் போடலாம். ஆனா நேரில் கண்டதுன்னு இருக்கே, நான் காணலியே. போன்லதான கேட்டேன்." தாளை இயக்குநர் பக்கம் நகர்த்தினார்.

"நான் கொள்கை ஆவணத்துக்கு மட்டும்தான் கையெழுத்துப் போடறது" என்றார் இயக்குநர் ஜன்னலைப் பார்த்தபடியே. "மகன் விஷயத்துல போட்டது ஒண்ணு போதும்." கடைசி வாக்கியத்தை அவர் எங்களுக்குச் சொன்னமாதிரி இல்லை. தாளை டைப்பிஸ்ட் அம்மாவிடம் நீட்டினார்.

"நான் அலுவலர் இல்லீங்க சார். வெறும் டைப்பிஸ்ட்" என்றார் அந்தம்மா. அது உண்மையா என்று எங்கள் யாருக்கும் தெரியாது. பதினொரு வருடத்தில் தம் பதவியை அவர் குறைத்துச் சொன்னதைக்கூட நாங்கள் கேட்டதில்லை, ஏனென்றால் எதையுமே சொன்னதில்லை. தாளை வரைபடத்தின் முன் வைத்தார்.

"திரும்ப எங்கிட்டயா? எங்கிட்ட நீட்டாதீங்கம்மா" என்றார் வரைபடம். "எங்க வீட்டம்மாவுக்கு நான்தான் போட்டேன். அன்னிலேருந்து தட்டைக் கொண்டுவந்து மேசையில வைக்கறதோட சரி. பேச்சே கிடையாது."

தாள் இன்னொரு சுற்று வந்தது. உலகத்தில் எந்த வேலையையும் செய்ய வேறு யாராவது கிடைப்பார்கள் என்று ஆதாரத்தோடு நிரூபித்த மூன்று பேர் அந்த வேறு யாராவது வருவார் என்று பத்து நிமிடம் காத்திருந்தார்கள். யாரும் வரவில்லை. இரண்டாவது சுற்றின் முடிவில் தாள் என் முன்னால் நின்றது. அதன் பக்கத்தில், மடிக்காத இன்னொரு தாள். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு. அதில் ஏற்கெனவே எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நான் போட்டேன்.

வீட்டுக்குப் போனபோது அக்கா திங்கட்கிழமைக்காகச் சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா? இப்பவாவது சொல்லலாமில்ல. வெல்டர் எப்படி இருக்காரு?"

"வீட்டுக்குப் போயிட்டாரு."

"ஆறிடுச்சா அதுக்குள்ள?"

"அறிக்கையில அப்படித்தான் இருக்கு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நான் அறிக்கையைக் கேக்கலடா. நீ அங்கதானே உக்காந்திருந்த."

அவள் சுவிட்சை அணைத்தாள்.

"வார்டுக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"அந்த வேலை தேவையில்லன்னு சான்று குடுத்திருக்காங்க."

"யாரு கையெழுத்து?"

"மையத்தோடது."

"மையத்துக்குக் கை இருக்கா?"

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், கட்டு எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுபோல. பிறகு உப்பு நீர் பாட்டில் இரண்டு, கட்டுப் போடும் காஸ் துணி ஒரு சுருள், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டாள். வார்டுக்கு போன் செய்து வெல்டரின் முகவரியை வாங்கினாள். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

புண்ணில் சீழ் வைத்திருந்தது. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இதை அக்கா என்னிடம் சொல்லவில்லை. போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மற்றபடி எல்லாம் சிறப்பாகவே முடிந்தது. பணியிடம் நீக்கப்பட்டது. அரசு வேலையிலிருந்து அனுப்ப முடியாததால் அக்காவை மருத்துவமனைத் துணிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். கிழிந்த படுக்கை விரிப்புகளையும் கிழியாத படுக்கை விரிப்புகளையும் பிரித்து எண்ணுகிறாள். இதற்கு முன் அந்த வேலையை யாரும் செய்ததில்லை. இவள் இல்லாவிட்டால் யாரும் செய்யப்போவதும் இல்லை. ஆகவே மையத்தின் கணக்கில் இப்போது அவளுக்கு முழு மதிப்பெண். புகைப்படம் கேட்டார்கள். அவள் தரவில்லை. மருத்துவமனை அடையாள அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். நான் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும். நாற்காலியைச் சுற்றிக்கொள்ளலாம்.

நிரந்தர ஊழியன் என்ற முறையில், நானும் என் கணக்கை ஒருநாள் போட்டுப் பார்த்தேன். வெல்டரின் விரல்களுக்கு நிறையக் கழிவு உண்டு. ஆறு நிமிடம் விதித்த கண்காணிப்பாளர். பிடுங்கிய கை. பன்னிரண்டு எழுத்துக் கட்டம். பெஞ்சில் நான் உட்கார்ந்திராவிட்டால், என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருப்பான், அவனும் எண்ணியிருப்பான். கழித்துக் கழித்து என் பங்கை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டேன். சூத்திரம் எவ்வளவு உன்னதமானது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

சான்றுக்கு வந்ததும் கணக்கு நின்றுவிட்டது. நான் போடாவிட்டால் அதில் யார் போட்டிருப்பார்? அந்தத் தாள் மேசையை இரண்டு முறை சுற்றிவந்ததை என் கண்ணால் பார்த்தேன். இயக்குநர் போடவில்லை. வரைபடம் போடவில்லை. டைப்பிஸ்ட் அம்மா தம் பதவியையே விட்டுக்கொடுத்தாரே தவிர போடவில்லை. இன்னும் பத்துச் சுற்று வந்திருந்தாலும் யாரும் போட்டிருக்கமாட்டார்கள். திங்கட்கிழமை அக்கா இஸ்திரி மடிப்புக் கலையாத சீருடையில் வார்டுக்குப் போயிருப்பாள்.

ஒரு செயல் முழுக்க முழுக்க ஒரே ஒருவனால்தான் நடந்தது என்று ஐயத்துக்கு இடமின்றி எங்கள் மையம் நிரூபித்திருப்பது இதுவே முதல் முறை. கழிவு, பூஜ்யம்.